கீமோ மாத்திரையைக் கையால் எடுக்கலாமா? செவிலியர் கேள்வி–பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, புற்றுநோய்க்கான கீமோ மாத்திரையைச் செவிலியர்கள் வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எழுதியவர்களில் புற்றுநோய் மருத்துவமனைகளில் பணிபுரிபவர்கள் குறைவு. பொது மருத்துவ வார்டிலும், கிராமத்து நலவாழ்வு மையத்திலும், வீட்டுக்கே சென்று நோயாளியைக் கவனிக்கும் பணியிலும் இருப்பவர்களே அதிகம். இதற்குக் காரணம் இருக்கிறது. ஊசி வழிக் கீமோ அதற்கென்று ஒதுக்கிய பிரிவை விட்டு வெளியே வருவதில்லை. மாத்திரையோ நோயாளியின் துணிப்பைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வார்டுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஊசி வழிக் கீமோ கொடுக்கும் சிஸ்டர்கள் கவுன், இரட்டைக் கையுறை எல்லாம் அணிகிறார்கள். பொது வார்டில் நாங்கள் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை பாராசிட்டமால் போல உள்ளங்கையில் எடுத்துத்தான் கொடுக்கிறோம். "மேலே பூச்சு இருக்கிற மாத்திரைதானே, தொட்டால் என்ன ஆகிவிடும்?" என்கிறார் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். அவர் சொல்வது சரியா?
— ஸ்டாஃப் நர்ஸ், தஞ்சாவூர்

உங்கள் இன்சார்ஜ் சொல்வதில் பாதி சரி. உடையாத, பூச்சுள்ள மாத்திரையை ஒரு முறை தொட்டுவிட்டதால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. ஏற்கெனவே தொட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் தொடப்போவது ஒரு முறையல்ல. இருபது, முப்பது ஆண்டு பணியில் எத்தனை மாத்திரைகள் உங்கள் கை வழியே போகும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லா மாத்திரைக்கும் பூச்சு இருப்பதுமில்லை. மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் போன்றவை பெரும்பாலும் பூச்சில்லாமலே வருகின்றன. பூச்சுள்ளதும் ஸ்ட்ரிப்பை அழுத்தும்போது ஓரம் சிதைந்து வருவதுண்டு. டப்பாவில் உருண்டு உரசிய மாத்திரைகளின் அடியில் மெல்லிய தூள் படிந்திருப்பதை, டப்பாவைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் நீங்களே காணலாம்.

அந்தத் தூள் உடலுக்குள் போக மூன்று வழிகள் உண்டு. தோல் வழியாக ஊடுருவலாம், மூச்சோடு உள்ளே போகலாம், கையிலிருந்து வாய்க்குப் போகலாம். மூன்றாவதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. மாத்திரையைக் கொடுத்த கையோடு பேனாவை எடுக்கிறோம், கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறோம், செல்போனைத் தொடுகிறோம், பிறகு அதே கையால் பஜ்ஜியையும் டீ டம்ளரையும் எடுக்கிறோம்.

இது கற்பனை பயம் அல்ல. பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1979-இல் லான்செட் இதழில், புற்றுநோய் மருந்துகளைக் கையாண்ட செவிலியர்களின் சிறுநீரில் மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டதாக எழுதினார்கள். மருந்து நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அதன் தடயமோ செவிலியரின் உடலில் தெரிந்தது. அதுவரை பெரும்பாலோர் இந்த வேலையை ஆபத்தான வேலையாக நினைத்ததில்லை. இந்த மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடு, மெல்பாலன், குளோராம்புசில், புசல்பான் ஆகியவை மாத்திரையாகவும் வருபவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையிலேயே வைத்திருக்கிறது. நோயை அழிக்கும் மருந்தே நோயற்ற உடலில் இன்னொரு நோய்க்கு வித்தாகலாம் என்பது கேட்க விநோதமாக இருந்தாலும், செல் பெருக்கத்தைக் குலைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. யாருடைய செல் என்று அது பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ், 2004-இல் இந்த மருந்துகள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டு ஒரு பட்டியலையும் தந்தது. 2016-இல் வந்த பட்டியலில் எந்த வேலைக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்பதையும் பிரித்துச் சொன்னது. முழு மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு ஜோடி கையுறை போதும், கவுன் தேவையில்லை. மாத்திரையை உடைப்பது, பொடிப்பது, குழாய் வழியாகக் கொடுப்பது என்று வந்தால் இரட்டைக் கையுறையும் கவுனும் வேண்டும். நோயாளி வாந்தி எடுக்கவோ துப்பவோ கூடும் என்றால் முகத்துக்கும் மறைப்பு வேண்டும். ஆக, உங்கள் வார்டில் கவுன் போட்டுக்கொண்டு மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை. வெறுங்கையால் கொடுக்கவும் வேண்டியதில்லை.

நடைமுறையில் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். கையுறை அணிந்து, ஸ்ட்ரிப்பை மருந்துக் கோப்பையின் வாய்க்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்து, மாத்திரை நேரே கோப்பைக்குள் விழும்படி மெதுவாக அழுத்துங்கள். கோப்பையை நோயாளியிடம் கொடுத்து, அவரே வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரை யார் விரலையும் தொடாது. காகிதக் கோப்பையானால் ஒரு முறையோடு எறிந்துவிடலாம். கையுறையைக் கழற்றியதும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுங்கள். கட்டில் காலில் தொங்கும் சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர இந்த மருந்தை அகற்றாது. கையில் இருப்பதைப் பரப்பித்தான் விடும்.

கையுறை என்றதும் கைக்குக் கிடைத்ததைப் போடக் கூடாது. உள்ளே பவுடர் தடவாத நைட்ரைல் கையுறையாக இருக்கட்டும். பவுடர் மருந்துத் தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு கழற்றும்போது பறக்கவிடும். கீமோ மருந்துகளுக்குச் சோதிக்கப்பட்ட கையுறை என்றால் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். மெல்லிய வினைல் கையுறை இதற்கு உதவாது.

கேள்வி: மூக்குக் குழாய் வைத்த நோயாளிக்குக் கீமோ மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கல்வத்தில் பொடித்து, தண்ணீரில் கரைத்து ரைல்ஸ் டியூபில் விடுகிறோம். முகக்கவசம் அணிந்துகொள்கிறேன். இது போதுமா?
— செவிலியர், வேலூர் மாவட்டம்

போதாது. இன்றே நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாத ஒரு மருத்துவமனையில், வார்டுக்கு ஒரே ஒரு பீங்கான் கல்வம் இருந்தது. ஒரு நைட் டூட்டியில் குழாய் வைத்த பெரியவருக்காகக் கீமோ மாத்திரையை அதில் இடித்தேன். ஜன்னல் வழியே வந்த காற்றில் வெள்ளைத் தூள் எழும்பி என் கை ரோமத்திலும் மேசை விரிப்பிலும் படிந்தது. வாயால் ஊதித் தட்டிவிட்டேன், ஆம், ஊதினேன். கல்வத்தைக் குழாயில் காட்டிக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கான ரத்த அழுத்த மாத்திரையை அதே கல்வத்தில் பொடித்தபோதுதான், அடியில் கீறல்களுக்குள் பழைய வெண்மை அப்படியே இருப்பதைக் கண்டேன். புற்றுநோயே இல்லாத ஒருவருக்குக் கீமோவில் ஒரு துளியைக் கொடுக்கப் போனேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கல்வம் சரியாகக் கழுவப்படவில்லை என்று மட்டும்தான் தோன்றியது. புரிந்தது பல ஆண்டுகள் கழித்து.

முதலில் செய்ய வேண்டியது, பொடிக்கலாமா என்று மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்பது. சில மருந்துகளுக்குத் திரவ வடிவம் உண்டு. சிலவற்றுக்கு ஊசி உண்டு. சிலவற்றை மாற்றியே எழுதிவிடலாம். டெமோசோலமைடு போன்ற கேப்சூலை வார்டில் திறக்கவே கூடாது. கேப்சிடபின் மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும், வெட்டவோ பொடிக்கவோ வேண்டிய கட்டாயம் வந்தால் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும் என்று தயாரிப்புக் குறிப்பே சொல்கிறது. பொடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது காற்றை உறிஞ்சி வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டகம் உள்ள மருந்தகத்தின் வேலை. வார்டு மேசையின் வேலை அல்ல.

அப்படிப்பட்ட வசதி இல்லாத இடத்தில், தண்ணீரில் கலையக்கூடிய மாத்திரை என்று மருந்தாளுநர் உறுதி சொன்னால், சிரிஞ்சுக்குள்ளேயே கரைக்கும் முறை இருக்கிறது. அகலமான வாய்வழி சிரிஞ்சின் தண்டை உருவி, மாத்திரையை முழுதாக உள்ளே போட்டு, தண்டைத் திரும்பச் செருகுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை உறிஞ்சி, மூடி போட்டு, அப்படியே வைத்துவிட்டு அவ்வப்போது மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். பூச்சுள்ள மாத்திரை கலைய நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் குலுக்க வேண்டாம். கலைந்ததும் குழாயில் செலுத்தி, அதே சிரிஞ்சில் மறுபடி தண்ணீர் எடுத்து அலசி அதையும் செலுத்துங்கள். மாத்திரை உடைவதும் கரைவதும் மூடிய இடத்துக்குள் நடப்பதால் தூள் பறக்க வழியில்லை. இந்த வேலைக்கு இரட்டைக் கையுறை, நீளக் கை கவுன், கண் மறைப்பு மூன்றும் வேண்டும். குழாய் இணைப்புக்குக் கீழே பிளாஸ்டிக் அடி உள்ள உறிஞ்சு விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டால் சிந்துவது அதிலேயே தங்கும்.

முகக்கவசம் பற்றிக் கேட்டீர்கள். அறுவை அரங்கில் அணியும் சாதாரண முகக்கவசம் உங்கள் எச்சில் நோயாளி மேல் படாமல் காக்கும். நுண்ணிய தூளைத் தடுக்காது. தூளுக்கு என்-95 வேண்டும். மருந்து ஆவியாகும் இடத்தில் அதுவும் காக்காது.

மாத்திரையை வெட்டிக் கொடுப்பது பற்றிக் கேட்டுக் குழந்தைகள் வார்டிலிருந்து எழுதியிருக்கும் சிஸ்டருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு 50 மில்லிகிராம் மெர்காப்டோபியூரின் மாத்திரையில் பாதி, முக்கால் என்று எழுதுவது வழக்கம்; அதை வீட்டில் அம்மாக்கள் காய் நறுக்கும் கத்தியால் வெட்டுகிறார்கள். தினமும் முக்கால் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு நாள் ஒன்று, மறுநாள் பாதி என்று வாரக் கணக்கைச் சரிக்கட்டி வெட்டும் நாள்களைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமானால் மூடியுள்ள மாத்திரை வெட்டி ஒன்று இதற்கென்றே தனியாக இருக்கட்டும். வேறு மாத்திரை அதில் விழக் கூடாது.

கேள்வி: எனக்கு இப்போது இரண்டரை மாதம். தெரியாமல் போன வாரம் வரை கீமோ மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத செவிலியர், கோவை

அம்மா, முதலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உடையாத மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வைத்து உங்கள் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று யாரும் முடிவு கட்ட முடியாது. எந்த மருந்து, எத்தனை நாள், உடைத்தீர்களா, பொடித்தீர்களா, கையுறை அணிந்தீர்களா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கொடுங்கள். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வதைவிட அவர் சொல்வதுதான் கணக்கு.

பயத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பின்லாந்து மருத்துவமனைகளின் செவிலியர்களை வைத்து 1985-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைக் கையாள்வதற்கும் கரு கலைவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆனால் அது பாதுகாப்பு முறைகள் இன்றுபோல் வேரூன்றாத காலத்தின் செவிலியர்கள் ஊசி மருந்துகளைக் கலந்து கொடுத்த கதை. உங்கள் நிலைமையை அப்படியே அதன் மேல் பொருத்திப் பார்க்கக் கூடாது.

வேலையை விட வேண்டாம். வேலையை மாற்றிக் கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர், கருத்தரிக்க முயல்பவர், பால் கொடுப்பவர் ஆகியோருக்குக் கீமோ மருந்தைக் கையாளாத மாற்றுப் பணி கொடுப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கொடுப்பதை மட்டும் மாற்றிவிட்டு, அதே நோயாளியின், மருந்து கலந்த சிறுநீர் சேரும் பெட்பேனை உங்களிடம் விட்டுவிட்டால் பயனில்லை என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். குழந்தைக்கு முயலும் ஆண் செவிலியர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதால் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: கீமோ நோயாளியின் சிறுநீர், வாந்தியிலும் மருந்து இருக்கும் என்கிறார்களே, எத்தனை நாளைக்கு? வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?
— வீட்டுவழிப் பராமரிப்புச் செவிலியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பொதுவாகக் கடைசி வேளை மருந்துக்குப் பிறகு 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறோம். சில மருந்துகளுக்கு அதைவிட அதிகம். தினமும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த 48 மணி நேரம் முடியவே முடியாது; மருந்து நிற்கும் வரை எல்லா நாளும் எச்சரிக்கை நாள்தான். ஊசிக்கும் மாத்திரைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க நாம் மறந்துவிடுகிறோம்.

வார்டில் பெட்பேன், சிறுநீர்ப் பை, டயாப்பர், வாந்திக் கிண்ணம் எதுவானாலும் இரட்டைக் கையுறையும் கவுனும் அணிந்து கையாளுங்கள். தெறிக்கும் என்று தெரிந்தால் முகத்தையும் மறையுங்கள். இந்த வேலையை உண்மையில் செய்பவர் நீங்கள் அல்ல, வார்டு ஆயாம்மா. உங்களுக்கு நைட்ரைல் கையுறையும் அவருக்கு ஓட்டை விழுந்த ரப்பர் கையுறையும் என்று இருந்தால், வார்டில் ஆபத்து குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இருந்தால் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடட்டும். நம் ஊர்க் கழிப்பறையில் மூடி கிடையாது. அங்கே வாளியை உயரத்திலிருந்து கவிழ்த்தால் தெறிக்கும். தாழ்வாகப் பிடித்து, நிறையத் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். நனைந்த துணியை வீட்டுத் துணியோடு ஊறப்போடாமல் தனியாக, இரண்டு முறை துவைக்கச் சொல்லுங்கள். துவைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். சைக்ளோபாஸ்பமைடு சாப்பிடுபவர் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீர்ப் பையின் உட்சுவர் புண்ணாகும். ஆகவே கழிப்பறைக்குப் போகும் சிரமத்தை நினைத்து அவர் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை சாப்பிட்ட உடனே வாந்தி எடுத்துவிட்டால், இன்னொரு மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வாந்தியில் மாத்திரை தெரிந்ததா, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து மருத்துவரைக் கேளுங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்த்தே சொல்லுங்கள்: நோயாளியைத் தொடலாம், அணைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடலாம். பேரக்குழந்தை மடியில் ஏறலாம். இதைச் சொல்லாமல் எச்சரிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வந்த வீட்டில், ஒரு பெரியவருக்குத் திண்ணையில் தனித் தட்டு வைத்துவிட்டார்கள்.

கேள்வி: மூட்டு நோய்க்காக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பாட்டி ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அதுவும் கீமோவா? அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?
— கிராம சுகாதாரச் செவிலியர், புதுக்கோட்டை மாவட்டம்

அதே மருந்துதான், அளவுதான் குறைவு. கையாளும் எச்சரிக்கை அப்படியே பொருந்தும். ஆனால் அந்தப் பாட்டியின் விஷயத்தில் உங்கள் கையைவிட அவர் வாயைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூட்டு நோய்க்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்கி, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. இதனோடு கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல சமயம் இதைப் போலவே மஞ்சளான சிறு மாத்திரையாக இருப்பதால் மாறிப்போகவும் வாய்ப்பு அதிகம்.

சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கிழமை என்று எழுதி வாங்குங்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், "வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சாப்பிடுங்கள் ஆத்தா" என்று அவர் மறக்காத ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். மாத்திரையைத் தனி டப்பாவில் வைத்து, மற்ற ஆறு நாளும் மகளிடமோ மருமகளிடமோ இருக்கச் செய்யுங்கள். வாயில் புண், காய்ச்சல், மூச்சிரைப்பு, தோலில் ரத்தக் கட்டு எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்காகப் பொது வார்டில் சேர்ந்த நோயாளி, தான் ஏற்கெனவே சாப்பிடும் கீமோ மாத்திரையைத் தொடர்ந்து கேட்கிறார். ட்ரக் சார்ட்டிலும் பயிற்சி மருத்துவர் எழுதிவிட்டார். கொடுக்கலாமா?
— ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி

புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடும் என்று பொருள். அது அவசர நிலை. அந்த நேரத்தில் அதே மருந்தை மேலும் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதாகிவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததா என்று பாருங்கள். சுற்றின் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்: கேப்சிடபினை 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்துவது பரவலான முறை, நிறுத்த வேண்டிய ஏழு நாளில் சார்ட்டில் பழைய மருந்து என்று எழுதி ஓடிக்கொண்டிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிடித்திருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். கேப்சிடபினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் ஏறும். ஊசி வழிக் கீமோவுக்கு இரண்டு செவிலியர் சரிபார்ப்பது போல மாத்திரைக்கும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடுவது நல்லது.

கேள்வி: மாத்திரை தரையில் விழுந்தால்?
— நர்சிங் மாணவி, சேலம்

முழுதாக இருந்தால் கையுறையோடு எடுத்துக் கழிவில் போடுங்கள், நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். உடைந்திருந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஃபேனை நிறுத்துங்கள். ஈரத் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து, சுத்தத் தண்ணீரால் மறுபடி துடையுங்கள்.

கேள்வி: இறந்துபோன நோயாளியின் மகன், மீதமிருந்த இரண்டு ஸ்ட்ரிப் மாத்திரையைக் கொண்டுவந்து, "ஏழை யாருக்காவது கொடுங்கள் சிஸ்டர்" என்று அழுதுகொண்டே கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். என்ன செய்வது?
— செவிலியர், மதுரை

வாங்கிக்கொண்டது சரி, அந்த நேரத்தில் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அந்த ஸ்ட்ரிப் எந்த வெயிலில், எந்தச் சமையலறை அலமாரியில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. வேறொருவரின் உடல் பரப்புக்குக் கணக்கிட்ட அளவு இவருக்குப் பொருந்தவும் பொருந்தாது. குப்பையிலும் கழிப்பறையிலும் போடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கீமோ மருந்தும் அது பட்ட பொருள்களும் மஞ்சள் வகையைச் சேர்ந்தவை. செல்நச்சுக் குறியீடு ஒட்டித் தனியாகக் கட்ட வேண்டும். அவற்றைத் தயாரிப்பாளரிடமோ பொதுக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்திடமோ அனுப்பி, 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிக்க வேண்டும். சாதாரண மஞ்சள் பையோடு கலந்துவிட்டால் அந்த வெப்பத்துக்குப் போகும் என்ற உறுதியில்லை. கையுறை, கோப்பை, காலி ஸ்ட்ரிப், கரைத்த சிரிஞ்ச் எல்லாம் இந்தப் பையில்தான்.

இதே விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்குப் போதுமான பாதுகாப்பு உபகரணம் தருவதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்வதையும் மருத்துவமனையின் கடமை என்கின்றன. "கையுறை கேட்டால் ஸ்டோரில் இல்லை என்கிறார்கள்" என்று எழுதியிருக்கும் மூன்று பேருக்கும் இதுவே என் பதில்: ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் இன்டென்டில் விதியின் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வாய்ப்பேச்சை ஸ்டோர் மறந்துவிடும். இன்டென்ட் புத்தகம் மறக்காது.

கேள்வி: கையுறை போட்டுக்கொண்டு மாத்திரை கொடுத்தால் நோயாளிகள் மனம் கோணுகிறார்கள். "என்னைத் தொடக் கூசுகிறதா?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். என்ன சொல்வது?
— ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு

நோயாளியைத் தொடக் கையுறை இல்லை, மாத்திரையைத் தொடத்தான் கையுறை என்பது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் செய்வது: முதலில் வெறுங்கையால் நாடி பார்ப்பேன், தலையணையைச் சரிசெய்வேன், தோளில் கை வைத்துப் பேசுவேன். அதன் பிறகு அவர் பார்க்கக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே, "இது உங்களுக்கு மருந்தும்மா, நோயில்லாத எனக்கு இது ஆகாது, அதான்" என்பேன்.

இதைக் கேட்ட ஒரு அம்மா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா எனக்கும் ஒரு சோடி குடு கண்ணு. வீட்டுல ஒம்பதாவது படிக்கிற பேத்திதான் எடுத்துக் குடுக்குது" என்றார். அன்று மாலை பார்வை நேரத்தில் அந்தப் பிள்ளை வந்தபோது, ஸ்ட்ரிப்பை டம்ளருக்கு மேல் கவிழ்த்து அழுத்த அவளுக்கு அல்ல, அந்த அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது முறை மாத்திரை டம்ளருக்குள் நேராக விழுந்தது.